மாடி அறை வீடில்லையா?

மும்பையின் தாராவி மறுகட்டமைப்பில், மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள் வீடு கிடையாது என்ற முடிவை அரசு இன்னும் கைவிடவில்லை. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து வசிப்பவருக்கு அதே இடத்தில் 350 சதுர அடி இலவச வீடு. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியில் இருப்பவர் எந்த ஆண்டு வந்தவரானாலும் சரி, 2022 நவம்பர் 15-க்கு முன் அங்கே இருந்ததை நிரூபித்தால் வெளியே எங்கோ ஒரு வாடகை வீடு தருவார்கள். தவணை கட்டி முடித்தால் அது பிறகு சொந்தமாகலாம். கீழ்வீட்டுக்காரரின் நிலை வேறு. அவர் தலைக்கு மேல் எத்தனை அறை கட்டியிருந்தாலும் அவருக்கு ஒரே வீடுதான். மாடி அறை கணக்கிலேயே வராது.

2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் கணக்கெடுப்பு தொடங்கியபோது எழுந்த கேள்வி, மாடி அறை வீடில்லையா என்பது. 2025 மே மாதம் பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோதும் இதற்கு விடை வரவில்லை. உப்பளத்தில் கட்டுவது, யாருக்கு எவ்வளவு கட்டுமான உரிமை என்பதையெல்லாம் பேச நேரம் இருந்தவர்களுக்கு, ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் அறையைப் பற்றிப் பேச நேரமில்லை.

தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே எந்தச் சந்தில் நுழைந்தாலும் அந்த அறையைப் பார்க்கலாம். சந்திலிருந்து செங்குத்தாக ஏறும் இரும்பு ஏணி, பிடித்து ஏற ஒரு கயிறு, மேலே சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை, மூலையில் குளிக்கவும் கழுவவும் ஒரு மோரி. குடிசைப் பகுதியில் கட்டடம் 14 அடிக்கு மேல் போகக்கூடாது என்பது மாநகராட்சியின் விதி. அந்த விதி இருந்தும் ஆயிரக்கணக்கான அறைகள் எழுந்தன. அங்கே குடியிருப்பவர்களும் கரண்ட் பில் கட்டுகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் சேமிப்பைப் போட்ட இடம் இதுதான். மகளுக்குக் கல்யாணம் என்றால் மாடி அறையை, மாத வாடகைக்குப் பதில் பெரிய முன்பணம் வாங்கும் ஹெவி டெபாசிட்டுக்கு விட்டு மொத்தமாகப் பணம் புரட்டுவார்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு அதன் மாத வாடகையே பென்ஷன். வேலை போன ஆணுக்கு அடுத்த வேலை வரும்வரை அடுப்பெரிவது அதனால்தான்.

அந்த அறையை எப்படி விடுவது என்பதுதான் வீட்டுக்காரருக்கு எப்போதும் உள்ள யோசனை. ஒரே குடும்பத்துக்கு ஆண்டுக்கணக்கில் விட்டால் வாடகை கொஞ்சம் குறையும். ஆனால் மாதம் தவறாது, புரோக்கர் செலவில்லை, முகம் தெரிந்தவர்கள், கீழே கிழவி தனியாக இருந்தால் மேலே இருப்பவள் ஒரு குரலுக்கு இறங்கி வருவாள். குறுகிய காலத்துக்கு விட்டால் கை நிறைய வரும். சீசனுக்கு வரும் தையல் காரிகர்கள் நான்கு பேர் சேர்ந்து எடுப்பார்கள். சயான் ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வந்தவர்கள், பரேல் டாட்டா ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடியும்வரை தங்கவேண்டிய குடும்பங்கள் இரண்டு மூன்று மாதங்களுக்குக் கேட்பார்கள். டாட்டா ஆஸ்பத்திரிக்கு வெளியே நடைபாதையில் படுத்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அறையின் அருமை தெரியும். ஆனால் ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் அறை சில நாட்கள் சும்மா கிடக்கும், தண்ணீர்ப் பைப் உடையும், போலீஸ் ஸ்டேஷனில் புதிதாக விவரம் கொடுக்க வேண்டும். கூட்டிக் கழித்தால் நீண்டகால வாடகையே நல்லது என்பதுதான் அனுபவப்பட்ட வீட்டுக்காரர்களின் தீர்ப்பு.

அப்படியிருந்தும் பெரும்பாலானவர்கள் பதினொரு மாதத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். ஒரே ஆள் பத்து வருடம் இருந்தாலும் காகிதம் பதினொரு மாதம். சிலர் அந்தக் காகிதமும் போடுவதில்லை. வேறு சிலர் பதினொன்று முடிந்ததும் ஆளையே மாற்றுகிறார்கள். இதை வீட்டுக்காரரின் பேராசை என்று சொல்வது எளிது. உண்மையில் இது அரசு கற்றுக்கொடுத்த பழக்கம்.

1947-ல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் இருந்த வாடகையிலேயே வீடுகளை நிறுத்திவைத்தது. போர்க்காலத் தட்டுப்பாட்டுக்குத் தற்காலிக மருந்தாக வந்தது அரை நூற்றாண்டு நீண்டது. வருமானமில்லாத சால் என்னும் வாடகைக் குடியிருப்புகளைப் பழுதுபார்க்க எந்த வீட்டுக்காரரும் முன்வரவில்லை. மழைக்கு மழை கட்டடங்கள் இடிந்தன. வாடகைக்கு விடப் பயந்தவர்கள், குடியிருக்க அனுமதி மட்டும் தரும் லைசென்ஸ் என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். 1973-ல் ஒரு திருத்தம் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று லைசென்ஸில் இருந்தவர்கள் அனைவரும் வாடகைதாரர்களாகக் கருதப்படுவார்கள் என்று அது சொன்னது. தற்காலிகமாக ஓர் அறையைக் கொடுத்தவர் ஒரே நாளில் அதை நிரந்தரமாக இழந்தார். அந்த அதிர்ச்சி இந்த நகரத்தின் எலும்பில் இன்னும் இருக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பூட்டியே கிடக்கும் ஃபிளாட்டுகளுக்கு இதுவும் ஒரு காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பையில் ஏறக்குறைய 4.8 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன.

உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில், உறைந்துபோன அந்த வாடகை நியாயமற்றது என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் புதிய சட்டம் வந்தது. 2000 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டம் லைசென்ஸ் முடிந்தால் ஆள் வெளியேற வேண்டும் என்கிறது. எந்தக் கால அளவானாலும் பத்திரத்தைப் பதிவு செய்வது வீட்டுக்காரரின் கடமை, தவறினால் மூன்று மாதச் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டடமே விதிமீறல் என்று முத்திரை குத்தப்பட்ட இடத்தில் மாடி அறைக்கு எந்தத் துணிவில் பத்திரம் பதிவு செய்வார்கள்? பதிந்தால் 14 அடி விதியை மீறியதற்குத் தானே சாட்சி எழுதிக் கொடுத்தது போலாகும். அதனால் தாராவியில் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது அதே மக்களிடம் ஆதாரம் கேட்கிறார்கள்.

மாடியில் பதினைந்து வருடம் இருந்தவரிடம் தொடர்ச்சியான காகிதம் இல்லை. கரண்ட் மீட்டர் கீழ்வீட்டுக்காரர் பெயரில். ரேஷன் கார்டில் ஊர் முகவரி. வீட்டு எண்ணோ கீழுக்கும் மேலுக்கும் ஒன்றுதான். கீழ்வீட்டுக்காரர் வாய்விட்டுச் சாட்சி சொல்லலாம். ஆனால் மேலே இருப்பவர் தகுதி பெற்றால் தனக்கு வரவேண்டியது ஏதாவது குறைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. நாற்பது வருடம் ஒரே ஏணியில் ஏறி இறங்கிய இரு குடும்பங்கள் இன்று ஒன்றை ஒன்று சந்தேகத்தோடு பார்க்கின்றன. நீண்டகாலம் வாடகைக்கு விட்ட நல்ல மனிதர் பயப்படுகிறார், மாதாமாதம் ஆளை மாற்றியவர் நிம்மதியாக இருக்கிறார். இப்படி ஒரு நிலையை உண்டாக்கிய முடிவு எப்படி நல்ல முடிவாக இருக்கும்?

பக்கத்திலேயே இருக்கும் மாட்டுங்காவைப் பாருங்கள். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியிருந்த வீடுகளில் ஒருகாலத்தில் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த பிரம்மச்சாரி குமாஸ்தாக்கள் ஓர் அறைக்கு நான்கு பேராகத் தங்கினார்கள், மெஸ்ஸில் சாப்பிட்டார்கள், நிலைபெற்ற பின் சொந்த வீடு வாங்கினார்கள். இன்று வி.ஜே.டி.ஐ., ரூயா கல்லூரி மாணவர்கள் அதே தெருக்களில் பேயிங் கெஸ்ட். அந்தக் கட்டடம் மறுகட்டமைப்புக்குப் போகும்போது வீட்டுக்காரரிடம் இருக்கும் கார்பெட் ஏரியாவை அளக்கிறார்கள். மாணவருக்கு விட்ட அறையும் அந்த அளவில் சேரும். அதற்கு மேல் எத்தனை சதவீதம் கூடுதல் என்றுதான் பில்டரிடம் பேரம். செம்பூர் திலக் நகரில், மாநில வீட்டுவசதி ஆணையமான மாடாவின் காலனிகளிலும் இதே வழக்கம்தான். கட்டி முடிக்கும்வரை வெளியே தங்க வாடகைப் பணமும் உண்டு. அங்கே உதிரி அறை சொத்து, இங்கே அதே அறை ஒன்றுமில்லை. தாராவிக்காரர் தன் கையால் செங்கல் அடுக்கியதைத் தவிர வேறென்ன குற்றம் செய்தார்?

மறுகட்டமைப்புக்குப் பின் கிடைக்கப்போகும் 350 சதுர அடியில் ஓர் அறையைப் பிரித்து வாடகைக்கு விட முடியாது. முழு வீட்டை விடவும் தடை உண்டு. இலவச மறுவாழ்வு வீட்டை ஒதுக்கீட்டுக்குப் பின் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கவோ குத்தகைக்கு விடவோ குடிசைப் பகுதிச் சட்டம் அனுமதிப்பதில்லை. லிஃப்டுக்கும் பம்புக்கும் பராமரிப்புக் கட்டணம் இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் வந்து நிற்கும். வரவை வெட்டிவிட்டுச் செலவைக் கூட்டும் வீட்டை எத்தனை விதவைகளால் தக்கவைத்துக்கொள்ள முடியும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

மற்ற நகரங்கள் வேறு வழியில் போகின்றன. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாட்களுக்குக் குறைவாக முழு ஃபிளாட்டை விருந்தினருக்கு விட முடியாது. ஆனால் வீட்டுக்காரர் தானும் அங்கேயே இருந்துகொண்டு, பதிவு செய்து, இருவர் வரை தங்கவைக்கலாம். பார்சிலோனா, சுற்றுலா ஃபிளாட்டுகளின் உரிமங்களை 2028-க்குள் முடித்துவிடப்போவதாக அறிவித்திருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் நிலையாகத் தங்கும் அறைகளைக் காப்பாற்ற அந்த நகரங்கள் போராடுகின்றன. மும்பையோ தன்னிடம் இருக்கும் மிக மலிவான வாடகை அறைகளை, ஓர் அங்குலம்கூடக் கணக்கில் சேர்க்காமல் இடிக்கப்போகிறது.

மாடிக்காரர்களுக்குத்தான் வாடகை வீடு தருகிறோமே என்பார்கள். இந்த வாக்குறுதியும் புதிதல்ல. 2008-ல் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் வாடகை வீட்டுத் திட்டம் வந்தது. 160 சதுர அடி அறைகள், ஏழைகளுக்குக் குறைந்த மாத வாடகை, அதற்காகப் பில்டர்களுக்குத் தாராளமான கட்டுமானச் சலுகை. சலுகை போய்ச் சேர்ந்தது, வாடகை வீடு வந்து சேரவில்லை. சில ஆண்டுகளில் திட்டத்தையே வேறு பெயரில் மாற்றினார்கள். பன்வேல் அருகே கோனில் கட்டிய அறைகள் மில் தொழிலாளர்களுக்குப் போயின. அந்தத் தோல்விக்கு இன்றுவரை எவரும் பொறுப்பேற்கவில்லை.

தாராவிக்கு வெளியே எங்கோ ஓரிடம் என்பதன் பொருளைச் செம்பூர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். பக்கத்திலுள்ள மாகுலில், சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே, தான்சா குழாய்ப் பாதையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். மூச்சுத்திணறலும் தோல்நோயுமாக அவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். கடைசியில் 2019 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், வேறு இடம் தர முடியாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் டெபாசிட்டும் கொடுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. அவ்வளவு பட்ட பிறகும், இப்போது தாராவிக்காரர்களுக்கென்று தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். குப்பைமேட்டில் குடிவைக்கலாம் என்று எழுதிய கை ஒருமுறையாவது அந்த மலையின் பக்கம் போய் நின்றதுண்டா?

தாராவிக்குள்ளேயே டிரான்சிட் கேம்ப் என்றொரு பகுதி இருக்கிறது. தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளைகள் பிறந்து, படித்து, கல்யாணமாகி, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. 1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு நூறு கோடி அறிவித்தபோது தாராவிக்கு விடிந்துவிட்டது என்றார்கள். 1995-ல் நாற்பது லட்சம் பேருக்கு இலவச வீடு என்றார்கள். 2004-ல் ஒரு திட்டம், 2016-ல் ஏலம் எடுக்க ஆளில்லை, 2019-ல் வென்ற நிறுவனத்தின் டெண்டரை மறு ஆண்டே ரத்து செய்தார்கள், 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. டெண்டரும் பெயர்ப்பலகையும் மாறிக்கொண்டே இருந்தன. தீர்மானிக்கும் இடம் மட்டும் மாறவில்லை, ஒவ்வொரு முறையும் அது தாராவியைக் கீழிருந்து பார்க்காமல் வரைபடத்தில் மேலிருந்தே பார்த்தது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கூரைகள்தான் தெரியும், கூரைக்குக் கீழே இரண்டு குடும்பங்கள் இருப்பது தெரியாது.

மாடி அறையையும் அளக்க வேண்டும். அதில் குடியிருப்பவருக்கும் அதைக் கட்டியவருக்கும் தாராவிக்குள்ளேயே ஒரு வழி சொல்ல வேண்டும். பழைய வாடகை வருமானத்துக்கு ஈடாக ஏதோ ஒரு ஏற்பாடு வேண்டும். அது இடமாகவா, பணமாகவா என்பதை அங்கே வாழ்பவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். ஏணியேறிப் போய்க் கேட்காமல் எடுத்த இந்த முடிவு அநியாயமானது. முதல் மாடி அறை இடிபடுவதற்கு முன் அதைத் திரும்பப் பெற வேண்டும்.