உதிர்ந்த இலை எங்கே போகிறது?

மாசி, பங்குனி மாதங்களில் வேம்பு இலையுதிர்ப்பதை யாவரும் அறிவோம். முற்றத்தைப் பெருக்குவதும், குவித்த சருகுக்குத் தீ மூட்டுவதும் நம் இல்லங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டன. ஆனால் பெருக்குவார் எவருமில்லாத காட்டிலே ஆண்டுதோறும் உதிரும் இலைகள் எங்கே போகின்றன? ஆண்டாண்டுச் சருகு குவிந்து மரங்களையே மூடியிருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நேராமற் காப்பவர் யாவர் என்பதை இத்திங்கள் காண்போம்.

இலை உதிர்வதற்கு முன்னரே, மரம் அதிலுள்ள தழைச்சத்தாகிய நைட்ரஜனில் ஒரு பகுதியைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. எஞ்சிய சத்துக்களோடு இலை தரையை அடைகிறது. மழை பெய்ததும் சர்க்கரை போன்ற கரையும் பொருள்கள் மண்ணில் இறங்குகின்றன. ஈரம் பட்ட இலையில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பரவுகின்றன. பூஞ்சையின் நூலிழைகள் இலையைத் துளைத்து உட்சென்று, அதன் கட்டுமானப் பொருள்களான செல்லுலோஸையும் லிக்னினையும் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. மிகக் கடினமான லிக்னினைச் சிதைப்பதில் பூஞ்சைகளே முதன்மையானவை.

எனினும் நுண்ணுயிர்கள் தனித்து இப்பணியை விரைந்து முடிக்க இயலாது. மரவட்டை, நத்தை, கறையான், மண்புழு முதலியன இலையைக் கடித்தும் அரைத்தும் துணுக்குகளாக்குகின்றன. மரவட்டை போன்றவை உண்பதில் பெரும்பகுதி செரிக்காமலே எச்சமாய் வெளிவருகிறது. அதை வீண் என்று எண்ண வேண்டா. இலை பொடியாகும்போது நுண்ணுயிர்கள் பற்றிக்கொள்ளும் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது.

இங்கிலாந்தின் ரொத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எட்வர்ட்ஸ், ஹீத் என்னும் இருவர் 1963-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. ஓக், பீச் மரங்களின் இலைகளை வட்டத் துண்டுகளாக வெட்டி, கண்ணளவு வேறுபட்ட நைலான் வலைப் பைகளிலிட்டு அவர்கள் மண்ணில் புதைத்தனர். மண்புழு நுழையக்கூடிய 7 மில்லிமீட்டர் கண்ணுடைய பைகளில் இலைகள் விரைந்து மறைந்தன. நுண்ணுயிர் மட்டுமே நுழையத்தக்க மிக நுண்ணிய வலைக்குள், மாதங்கள் பல கடந்தும் இலைகள் உருக்குலையாமலே கிடந்தன.

சார்லஸ் டார்வினும் மண்புழுவின் திறனைக் கண்டு வியந்தார். புழுவளைகளிலிருந்து 227 வாடிய இலைகளை எடுத்துப் பார்த்தபோது, அவற்றுள் 181 இலைகள் நுனிவழியே இழுக்கப்பட்டிருந்தன என்று 1881-இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார். குறுகிய வளைக்குள் இலையை எவ்வாறு நுழைப்பதென்பது கண்ணற்ற அவ்வுயிருக்குத் தெரிந்திருக்கிறது!

நம் நாட்டின் வறண்ட நிலங்களில் கறையானின் பங்கு பெரிது. புற்றுக் கட்டும் கறையான்களுள் பல, சருகையும் சுள்ளியையும் மென்று, புற்றினுள் அடைபோல் அமைத்து, அதன்மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. மழைக்காலத்தில் நாம் பறிக்கும் புற்றுக்காளான் அத்தோட்டத்தின் விளைவே.

நுண்ணுயிர்கள் மடியும்போதும், பிற சிற்றுயிர்களுக்கு இரையாகும்போதும், அவற்றின் உடலிலிருந்த தழைச்சத்து வேர்கள் உறிஞ்சத்தக்க உருவில் வெளிப்படுகிறது. எஞ்சும் கருநிற மட்கு மண்துகள்களைப் பிணைத்து, மழைநீரைத் தாங்கி வைக்கிறது.

சருகைத் தீயிட்டால் நிகழ்வதென்ன? சாம்பலும் உரந்தானே என்பார் உளர். சாம்பற்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் சாம்பலில் தங்குவது உண்மையே. ஆயினும் தழைச்சத்தில் பெரும்பகுதி காற்றிற் கலந்துவிடுகிறது. மட்காக வேண்டிய பொருளும் அழிந்துபோகிறது. அப்புகையால் குழந்தைகளும் முதியோரும், சிறப்பாக ஆஸ்துமா நோயாளிகளும் படும் துன்பம் வேறு. திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடைசெய்ததும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆகவே மரத்தடிச் சருகை அங்கேயே மூடாக்காக விட்டுவைப்போம். மிகுந்ததைக் கறையானுக்கு அஞ்சி வீட்டுச் சுவரருகே குவிக்காமல், சற்றுத் தள்ளி, நீர் தேங்காத நிழலில் குழியெடுத்து இடலாம். சருகை ஒரு சாண் உயரம் பரப்பி, சாணக் கரைசல் தெளித்து, மீண்டும் சருகு பரப்ப வேண்டும். பிழிந்த துணியளவு ஈரம் போதும். இரு வாரத்திற்கொருமுறை கிளறிவிட்டால், சில மாதங்களில் அது கருத்து, மண்வாசனை வீசும். சவுக்கு, முந்திரி ஆகியவற்றின் சருகு மட்க நாள் பிடிக்கும். கிளிரிசிடியா இலை விரைவில் மட்கும்.

சாணம் எதற்கெனக் கேட்கலாம். காய்ந்த சருகில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அக்குறையை நுண்ணுயிர்கள் சுற்றிலுமுள்ள மண்ணிலிருந்து ஈடுசெய்துகொள்கின்றன. மட்காத சருகை நேரே பாத்தியில் புதைத்தால் செடிகள் மஞ்சளித்து வாடுவது இதனாலேயே. சாணம் அக்குறையை நிறைவு செய்கிறது.

இப்பணியில் வீட்டுப் பிள்ளைகளையும் ஈடுபடுத்துவோம். சில வாரங்கள் கழித்து அடிச்சருகைப் புரட்டி, அதிலே ஊர்வனவற்றையும், இலை நரம்புகளைப் பற்றிய வெண்ணிற இழைகளையும் அவர்களுக்குக் காட்டுவோம். தாம் கண்ட உயிர்களின் உணவு அது என்றறிந்த பிள்ளை, பின்னர்ச் சருகுக்குத் தீயிட எளிதில் மனங்கொள்ளாது.