தலைமன்னாரில் ‘ஃப்ரீ கேம்பிங்’: காசு யார் குடுக்கிறது?

‘ஆஃப் கிரிட்’ எண்ட சொல் இப்ப யூடியூப் பக்கம் நல்லா விலைபோகுது. வானுக்குள்ள கட்டில், கூரையில சோலார், பின்கதவைத் திறந்தா கடல். அறைக்காசும் இல்லை, கேக்க ஆளும் இல்லை. இப்பிடி இடம் தேடுறவைக்குத் தலைமன்னார் கண்ணில படாமல் போகாது. பழைய இறங்குதுறை, வெளிச்சவீடு, அதுக்கங்கால மணல் திட்டுகள்.

எனக்கு வானில கோபமில்லை. ‘ஃப்ரீ’ எண்ட சொல்லிலதான் கோபம்.

இந்தத் தீவு விரும்பியா ஆஃப் கிரிட்டில இருந்தது? 1990இல் நின்ற ரயில் தலைமன்னாருக்குத் திரும்பி வந்தது 2015இல்தான். அதே 1990 ஒக்டோபரில் முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து கனபேர் படகில் கற்பிட்டிக்குப் போனார்கள். இந்தக் கரைகளில இரவோடிரவாப் படகேறினவை மண்டபம் முகாமில போய்ச் சேர்ந்தினம். 2022 நெருக்கடியிலயும் சனம் ஏறினது. சிலரைப் படகுக்காரர் தனுஷ்கோடிப் பக்கத்து மணல் திட்டில இறக்கிவிட்டுப் போயிட்டாங்கள். அதுவும் திறந்த வானத்துக்குக் கீழ தங்கினதுதான். எங்கட பக்கம் ‘கேம்ப்’ எண்டா ஆமிக் கேம்ப், நேவிக் கேம்ப், இல்லாட்டி அகதிக் கேம்ப். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் ரெண்டு லட்சத்துக்கும் மேல சனம் முள்ளுக்கம்பிக்குள்ள இருந்தது. அந்தச் சொல்லை விளையாட்டா எடுக்கேக்குள்ள கொஞ்சம் நிதானம் வேணும், அவ்வளவுதான்.

சரி, சரித்திரத்தை விடுங்கோ. தண்ணிக்கு வருவம்.

மன்னார் தீவில ஆறில்லை. மாரி மழை மணலுக்குள்ள இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல ஒரு படையா மிதக்குது. நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நிண்டா, கீழ ஏறத்தாழ 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைச்சிருக்கும். மேல குறையக் குறைய அதே கணக்கில உப்பு ஏறும். அந்தக் கிணத்தில தாங்கியை நிரப்பிப்போட்டு, சவர்க்காரத் தண்ணியையும் டொய்லெட் பெட்டியையும் அதே மணலில ஊத்திவிட்டா எங்க போகும்? நீங்கள் ஒரு இரவு நிண்டுட்டுப் போயிடுவியள். கிணத்துக்காரர் வருசம் முழுக்க அதைக் குடிக்கோணும்.

‘வெறும் கரை’யும் வெறும் கரை இல்லை. கரைவலை இழுக்கிற இடத்துக்குப் பாடு எண்டு பேர். பாட்டுக்கு உரித்துக்காரர் இருக்கினம். வாடி போட, கருவாடு காயவைக்க வெளி வேணும். மணல்மேட்டில டயர் ஏறினா அடம்பன் கொடி அறும், பிறகு காத்து மணலை அள்ளிக்கொண்டு வளவுக்குள்ள வரும். அங்கால திட்டுகளில ஆலா முட்டையிடுறது நிலத்தில. அதை 2015இல் கடல் தேசியப் பூங்காவா அறிவிச்சும் இருக்கு.

‘வெளிநாட்டில எல்லாம் விடுறாங்கள்தானே’ எண்டு ஒரு கதை வரும். ஸ்கொட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் நடந்து திரியவும் கூடாரம் அடிக்கவும் உரிமை குடுக்குது; மோட்டார் வாகனத்துக்குக் குடுக்கேல்லை. நியூசிலாந்து 2023இல் சட்டத்தை இறுக்கினது: உள்ளுக்குப் பொருத்தின கழிப்பறை இல்லாட்டி, ‘தன்னிறைவான வாகனம்’ எண்ட சான்றிதழ் இல்லை. அவையின்ர வீடியோவைப் பாக்கிற நாங்கள் அவையின்ர சட்டத்தைப் பாக்கிறேல்லை.

வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை. கடற்கரையில ஒரு இரவு படுக்கிற ஆசை எங்கட பெடியளுக்கும் இருக்கு, பெட்டையளுக்கு இன்னும் கூட இருக்கு. ஒரு வீட்டு வளவில பனைக்குக் கீழ வானை நிப்பாட்டுங்கோ, தண்ணிக்கும் கழிப்பறைக்கும் காசு குடுங்கோ, மீனைக் கரையிலேயே வாங்குங்கோ. பிரதேச சபை ஒரு தரிப்பிடமும் கழிவுத் தொட்டியும் கட்டிக் கட்டணம் வாங்கினா இன்னும் நல்லது. அதை நாங்கள்தான் கேக்கோணும். ஜிபிஎஸ் புள்ளி போடுறதெண்டா, ஆரைக் கேட்டு நிப்பாட்டினது எண்டதையும் சேர்த்துப் போடுங்கோ. விடியக்காலை பாட்டுக்காரர் வலையோட வருவினம். அதுக்கு முதல் வானை எடுத்துவிடுங்கோ.