டிரைவர் தரமாட்டார்களாம்!

லினக்ஸ் போட்டுப் பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புலம்பல் கட்டாயம் வரும். ‘எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு, வைஃபை மட்டும் வரமாட்டேங்குது.’ கூடவே தீர்ப்பும். ‘ஓசியில கிடைச்சா இப்படித்தான்!’

தப்பான ஆளைப் பிடித்து உதைக்கிறோம்.

கம்ப்யூட்டர் சொல்வதைக் கருவிக்குப் புரியவைக்கும் துபாஷி புரோகிராம்தான் டிரைவர். கருவியின் பாஷை, செய்த கம்பெனிக்குத்தான் தெரியும். விண்டோஸுக்கு அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். லினக்ஸுக்கு எழுதவும் மாட்டேன், விவரமும் தரமாட்டேன் என்றால் லினக்ஸ் என்ன செய்யும், ஜோசியமா பார்க்கும்?

கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. பிராட்காம் கம்பெனி வைஃபை சிப்பின் விவரம் தராமல் இழுத்தடிக்க, அதன் மூடிய டிரைவரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆர்வலர்களே ஒன்று எழுதினார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவனே உளவு பார்க்கிற கூத்து! புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை பிராட்காம் கொடுத்தது 2010-ல்.

2007-ல் க்ரெக் க்ரோவா-ஹார்ட்மன் என்ற லினக்ஸ்காரர் பகிரங்கமாகவே அறிவித்தார். விவரம் கொடுங்கள், ரகசிய ஒப்பந்தம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம் என்று. நான் பி.காம். படித்தவன். கூலியில்லாத வேலை, மேற்கொண்டு கொஞ்சம் விற்பனை. எந்தப் பேரேட்டில் இது நஷ்டம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

தொழில் ரகசியமாம். யாரய்யா சமையல் குறிப்பைக் கேட்டார்கள்? அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுதானே கேட்கிறோம். அதே 2007-ல் ஏ.எம்.டி. தன் கிராஃபிக்ஸ் சிப் ஆவணங்களை வெளியிட ஆரம்பித்தது. திவாலாகிவிடவில்லை.

என்விடியாவோ மூடிய டிரைவரை மட்டும் கொடுத்துவந்தது. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் கேமரா முன்னால் அந்தக் கம்பெனிக்கு நடுவிரலைக் காட்டினார். (நாகரிகமா என்று எனக்கு எழுதாதீர்கள், அவருக்கு எழுதுங்கள்.) பத்து வருஷம் கழித்து, 2022 மே மாதம், டிரைவரில் ஒரு பகுதியைத் திறந்தது. அதுவும் 2018-க்குப் பின் வந்த கார்டுகளுக்கு. பழைய கார்டு வைத்திருப்பவர் பழையபடி தேவுடு காக்க வேண்டியதுதான்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட, நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும், உள்ளே ஊமைச் சிப் ஒன்று உட்கார்ந்து மறிக்காத வரை.

அடுத்த தடவை பிரின்டரோ லேப்டாப்போ வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள், ‘லினக்ஸ் டிரைவர் உண்டா?’ முழிப்பார். முழிக்கட்டும். நாலு பேர் கேட்டால் அவர் கம்பெனிக்காரனைக் கேட்பார்.