கல்லறைக்கு ஏன் கண்ணாடிக் கதவு?

கூட்டம் தாங்காத வெனிஸ், 2024-ல் ஒரு நாள் சுற்றுலாவுக்கு வர்றவங்களிடம் குறிப்பிட்ட தேதிகளில் கட்டணம் வாங்க ஆரம்பிச்சது. இத்தாலி போற பிளான் இருந்தா, ரோமுக்கு வடமேற்கே இருக்கும் தார்குவீனியாவையும் உங்க லிஸ்ட்ல சேர்த்துக்கோங்க.

ரோம் பெரிய சக்தியாகும் முன்பே செழித்தவர்கள் எட்ருஸ்கன் மக்கள். இங்கே அவர்களின் கல்லறைகள் சுமார் 6,000. அதில் 200-ல் சுவரோவியங்கள். 2004-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. விருந்து, நடனம், மீன்பிடிப்புன்னு ஓவியங்களில் அவ்வளவு கொண்டாட்டம்!

ஆனா, உள்ளே போக முடியாது. படியில் இறங்கி, பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும். கண்ணாடிக் கதவு வழியா எட்டிப் பார்க்கணும். 'இவ்வளவு தூரம் வந்தது இதுக்கா?'னு தோணலாம். காரணம், நம்ம மூச்சுதான். பல நூற்றாண்டுகள் மூடியே கிடந்த அறைகளில் ஈரப்பதம் மாறினால் ஓவியங்கள் பாழாகும். 'த்ரிக்ளீனியம்' கல்லறை ஓவியங்களை 1949-ல் சுவரிலிருந்தே பெயர்த்தெடுத்தார்கள். இப்போது அவை மியூசியத்தில்.

உள்ளே நடந்தே பார்க்கணுமா? செர்வெத்தேரி போங்க. வீடு மாதிரியே பாறையில் குடைந்த கல்லறைகள் அங்கே இருக்கு.

தார்குவீனியாவில் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. அடுத்து வர்றவங்களும் பார்க்கணும்ல!