2 ஆயிரம் ரூபாய் கார் எங்கே?

காலை 8 மணி. திருமுல்லைவாயில் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாலை.

ஒரு ஸ்கூட்டர் வருகிறது. ஓட்டுகிறவர் தகப்பனார். அவருக்கு முன்னால் நிற்கிறான் பையன். பின்னால் தாய். இருவருக்கும் நடுவில் சிறுமி. பள்ளிக்கூடப் பைகள் இரண்டும் தாயின் தோளில். மழை வந்தால் நால்வரும் நனைய வேண்டியதுதான்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கும் இதே காட்சி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சுற்று வட்டாரம் முழுவதும் காருக்கு உதிரி பாகம் செய்கிற ஊர்கள். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. ஆவடியில் இரும்புக் குழாய்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எண்ணற்ற பட்டறைகள். திருமுல்லைவாயிலிலும் ஒரு சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. காருக்குப் பிரேக்கும் சக்கரமும் செய்து கொடுக்கிற ஊர், காரில் போகவில்லை. ஸ்கூட்டரில் நால்வராகப் போகிறது!

ஏன்? விலை கட்டுபடியாகவில்லை. கடன் வாங்கிக் காரை வாங்கினாலும், அதற்குப் பெட்ரோல் ஊற்றிக் கட்டுபடியாகவில்லை.

லிட்டருக்கு 100 கிலோ மீட்டர்!

பெட்ரோல் குடிக்காத காரைச் செய்யவே முடியாதா? முடியும். செய்து காட்டியும் விட்டார்கள்.

2002-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் கார் கம்பெனியின் தலைவர் பெர்டினாண்ட் பீயெக் ஒரு விசித்திரமான காரில் ஏறினார். இரண்டே பேர் உட்காரலாம், ஒருவர் பின் ஒருவராக. மீன் போன்ற உடல். எடை 290 கிலோதான். உல்ப்ஸ்பர்க் நகரில் இருந்து ஹாம்பர்க் வரை அவரே ஓட்டிச் சென்றார். 100 கிலோ மீட்டருக்கு ஒரு லிட்டர் எரிபொருள்கூடச் செலவாகவில்லை!

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சாதாரணக் காரின் எடை 800 கிலோ, 1,000 கிலோ. அதில் போகிறவர் எடை 60 கிலோ. ஒரு படி அரிசியைக் கொண்டுபோக மாட்டு வண்டி கட்டுவது போன்ற காரியம் இது. ஊற்றுகிற பெட்ரோலில் பெரும்பகுதி எஞ்சின் சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பங்கு, அந்த இரும்பு உடம்பை இழுக்கவே சரியாகிறது. வேகமாகப் போனால் காற்று வேறு எதிர்த்துத் தள்ளும். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது தெரியும். எடையைக் குறை. காற்றைக் கிழிக்கிற உருவம் கொடு. பெட்ரோல் மிச்சமாகும்.

சரி, அந்தக் கார் என்ன ஆயிற்று?

11 ஆண்டுகள் கழித்து, 2013-ல் அதைத் திருத்தி 'எக்ஸ்.எல்.1' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். செய்தது 250 கார்கள். விலை ஒரு லட்சம் யூரோவுக்கு மேல்! அன்றைய கணக்கில் நமது பணம் சுமார் 90 லட்சம் ரூபாய். பெட்ரோலை மிச்சம் பிடிக்க வந்த காரை, பெட்ரோல் விலையைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கள் வாங்கிப் போனார்கள். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கதைதான்.

அச்சு சொல்லும் கணக்கு

விலை ஏன் இப்படி ஏறியது? உடல் முழுவதும் கார்பன் இழை. இரும்பைவிட லேசு, ஆனால் விலையோ பலமடங்கு. செய்ததும் சொற்பம்.

அம்பத்தூர்ப் பட்டறையில் வேலை செய்கிற எவரும் இந்தக் கணக்கைச் சொல்வார். ஒரு பாகத்தை அடிக்க அச்சு செய்ய வேண்டும். அச்சுக்கு 1 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 கார் செய்தால், ஒரு காரின் தலையில் அச்சுச் செலவு 40 ஆயிரம் ரூபாய். ஒரு லட்சம் கார் செய்தால் 100 ரூபாய்! ஒரு காரில் இப்படி எத்தனை பாகம், எத்தனை அச்சு? லட்சக் கணக்கில் செய்யாவிட்டால், சிக்கனக் கார் ஒரு நாளும் சிக்கன விலைக்கு வராது.

கூடை நிறைய முட்டை

பிரான்சு நாட்டில் ஒருவர் இதைத் தலைகீழாக யோசித்தார். சித்ரோன் கம்பெனியின் பியர் பூலாஞ்சே. இரண்டாவது உலகப் போருக்கு முன்பு, தம் எஞ்சினீயர்களுக்கு அவர் போட்ட கட்டளை இது: குடியானவர் ஏறிப் போகவேண்டும். கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு. 100 கிலோ மீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல்தான். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது!

போரினால் வேலை தடைபட்டது. 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் கார் வெளிவந்தது. தகரக் கூடு போன்ற உருவம். கேலி செய்தவர்கள் பலர். ஆனால் 1990 வரை 38 லட்சத்துக்கு மேல் செய்தார்கள்! பூலாஞ்சே விஞ்ஞானிகளின் கைதட்டலுக்குக் கார் செய்யவில்லை. யார் ஏறப் போகிறார், எதை ஏற்றப் போகிறார் என்று முதலில் கேட்டார்.

கோவையில் பிறந்த கார்

தமிழ்நாட்டிலும் ஒருவர் கேட்டார். கோவை ஜி.டி.நாயுடு! பள்ளிப் படிப்பை முடிக்காத மேதை. பஸ் கம்பெனி நடத்தியவர். 1937-ல் இந்தியாவிலேயே மின்சார மோட்டார் செய்ய வழிகாட்டியவர்களில் ஒருவர். 1952-ல் அவர் இரண்டு பேர் செல்லும் சின்ன பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான் என்று அவரது வரலாறு சொல்கிறது. சர்க்கார் லைசென்சு தரவில்லை. கார் அத்தோடு நின்றது.

சாமானியருக்கு ஒரு சின்னக் கார் வர, நாடு 1983 டிசம்பர் 14 வரை காத்திருந்தது. அன்றுதான் முதல் மாருதி 800 சாவி கைமாறியது. சர்க்காரே பங்காளி, ஜப்பான் சுசுகியின் தேர்ந்த எஞ்சின், உதிரி பாகம் செய்ய உள்நாட்டுப் பட்டறைகள். மூன்றும் சேர்ந்ததால் கார் ஓடியது. 25 லட்சத்துக்கு மேல் விற்றது.

அடுத்து, ரத்தன் டாடா. ஸ்கூட்டரில் நனைந்து போகும் ஒரு குடும்பத்தைப் பார்த்தார். 2008 ஜனவரியில் 'நானோ'வைக் காட்டினார். விலை ஒரு லட்சம். எடை சுமார் 600 கிலோ. திருமுல்லைவாயில் ஸ்கூட்டர் குடும்பத்துக்காகவே பிறந்த கார்! அதுவும் 2018-ல் நின்றுபோனது. சிங்கூர் நிலத் தகராறில் தொழிற்சாலை குஜராத்துக்குப் போனது ஒரு அடி. சில கார்கள் தீப்பற்றியது இன்னொரு அடி. எல்லாவற்றுக்கும் மேலாக, 'உலகத்திலேயே மலிவான கார்' என்ற பட்டம்! அப்படி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பிறகு ஒப்புக்கொண்டார். பெண் பார்க்க வருகிறவர் 'மலிவான' காரில் வந்து இறங்குவாரா?

2014-ல் நடந்த மோதல் சோதனையில் நானோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. லேசான கார் என்றால் உயிருக்குக் காவல் இல்லாத கார் என்று ஆகிவிடக் கூடாது. அதே நேரத்தில், அந்த ஸ்கூட்டரில் நடுவில் உட்கார்ந்திருக்கிற சிறுமிக்கு எத்தனை நட்சத்திரம்? அதை எந்தச் சோதனைச் சாலையும் சொல்வதில்லை.

6 ஆண்டு காத்திருந்த வண்டி

பஜாஜ் கம்பெனி 2012-ல் ஒரு குட்டி நாலு சக்கர வண்டியைக் காட்டியது. 216 சி.சி. எஞ்சின். லிட்டருக்கு 35 கிலோ மீட்டர் ஓடும் என்றார்கள். வண்டி தயார். ஆனால் அது காரா, ஆட்டோவா? சட்டத்தில் அதற்குப் பெயர் இல்லை! வழக்குகள் வந்தன. சொந்த உபயோகத்துக்கு அனுமதி கிடைக்க 2018 ஆகிவிட்டது. 1952-ல் லைசென்சு. 2012-ல் பெயர். முட்டுக்கட்டை உருவம் மாறியதே தவிர, இடம் மாறவில்லை.

வரி விதியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் பெட்ரோல் கார் 'சின்னது'தானா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நீளம் 4 மீட்டருக்குள். எஞ்சின் 1,200 சி.சி.க்குள். அவ்வளவுதான்! எடையைக் கேட்பதில்லை. எத்தனை பெட்ரோல் குடிக்கிறது என்று கேட்பதில்லை. 700 கிலோ கார், 1,200 கிலோ கார் இரண்டுக்கும் ஒரே வரி! 2017-ல் வந்த எரிபொருள் சிக்கன விதியோ, ஒரு கம்பெனியின் கார்கள் சராசரியாக எடை கூடினால் சலுகையும் கூடும் என்கிறது. உண்டு கொழுத்தவனுக்குக் கூடுதல் சோறு!

இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் என்பதை வைத்து வரி போடட்டும். மோதல் சோதனையில் தேறிய லேசான காருக்கு வரி இறங்கட்டும். அப்போது கம்பெனிகள் தாமே எடையைக் குறைக்கும். குறைக்க வேண்டிய பாகங்களுக்கு ஆர்டர் எங்கே வரும்? பாடிக்கும் அம்பத்தூருக்கும்தான்!

செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. சைக்கிள் செய்து பேர் வாங்கிய அம்பத்தூர் டி.ஐ. குழுமம், 2022-ல் 'மோண்ட்ரா' மின்சார ஆட்டோவைக் கொண்டுவந்தது. பெட்ரோல் ஒரு சொட்டு வேண்டாம். மூன்று சக்கரத்தில் முடிந்தது, நான்கு சக்கரத்தில் ஏன் முடியாது?

மாலை 6 மணிக்கு ஷிப்டு முடிகிறது. பிரேக்கு செய்த கைகளைக் கழுவிக்கொண்டு ஒருவர் ஸ்கூட்டரை உதைக்கிறார். டியூஷன் வாசலில் இரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது.