பரிசு வந்தபின் கொண்டாடும் உறவு

கடல் கடந்து புகழ் பெற்ற தமிழ்ப் பெயர் எதுவாயினும் அதனை உடனே நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் பழக்கம், பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்த நம்மிடையே வேரூன்றி விட்டது. கோப்பும் குறிப்புமாகக் காலம் தள்ளும் நம்மனோர்க்கு வரவேட்டின் முறை தெரியாததன்று. வரவு எழுதினால் அதற்குரிய சீட்டைக் காட்ட வேண்டும். ஜாஸ் பியானோக் கலைஞர் விஜய் ஐயரை "நம்மவர்" என்று சொந்தம் கொண்டாடுவோரிடம் அந்தச் சீட்டு இல்லை என்பதே நம் வாதம்.

இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் பிறந்தவர் அவர். மூன்றாம் வயதில் வயலின் கையேறியது. மேலைநாட்டுச் செவ்விசை முறையில் பதினைந்து ஆண்டுப் பயிற்சி. பியானோவோ பெரும்பாலும் செவிவழியே தாமாகக் கற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்று, இயற்பியலில் முனைவராகும் எண்ணத்துடன் கலிபோர்னியாவின் பெர்க்லிக்குச் சென்றார். இவ்விடம் வரையில் இது நம் வீட்டுப் பெற்றோர் தம் மக்களுக்கு வகுத்துக் கொடுக்கும் திட்டம் போலவே இருக்கிறது. இதற்கு மேல்தான் நம் திட்டத்தில் இல்லாதது நிகழ்ந்தது. இயற்பியலை விட்டார். தொழில்நுட்பத்தையும் கலையையும் இணைத்த ஒரு துறையை அமைத்துக்கொண்டு, மேற்கு ஆப்பிரிக்க இசையிலும் ஆப்பிரிக்க அமெரிக்க இசையிலும் லயம் என்பது உடலால் எவ்வாறு உணரப்படுகிறது என்று ஆராய்ந்து 1998-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்குள் 1995-இலேயே 'மெமரோஃபிலியா' என்னும் முதல் இசைத்தொகுப்பு பதிவாகியிருந்தது.

2013-இல் அவருக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. ஐந்தாண்டுகளில் 6,25,000 டாலர். 2014-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கலைப் பேராசிரியரானார். நம் வரவேட்டில் ஏறியவை இவ்விரண்டு வரிகள் மட்டுமே. டாலரும் ஹார்வர்டும் வந்தபின் பிறந்த உறவு இது! அதற்கு முன் இருபது ஆண்டுகள் அவர் சிறு அரங்குகளில் யாருடன் அமர்ந்து என்ன வாசித்தார் என்பதை மேடையில் முழங்குவோர் கேட்டறிந்ததுண்டா?

ஜாஸ் என்றால் கேளிக்கை விடுதிகளின் ஆரவாரம் என்று நினைப்போர் நம்மில் இன்னும் உளர். அது அமெரிக்கக் கறுப்பின மக்கள், அடிமை வாழ்வின் வடு ஆறாத நிலையில் உருவாக்கிய இசை. அதன் வழக்கமான அமைப்பு கச்சேரி கேட்டுப் பழகிய செவிக்கு அன்னியமன்று. ஒரு மெட்டை முதலில் எல்லாரும் சேர்ந்து வாசிப்பர். பின், அம்மெட்டின் அடியில் ஓடும் சுரக்கூட்டுகளின் வரிசை மாறாமல் சுழன்றுகொண்டிருக்க, ஒவ்வொருவராக அதன்மேல் தம் கற்பனையை விரிப்பர். விரித்து மெட்டுக்கே மீள்வர். ஒரே வரியை நிரவல் செய்து, கற்பனாசுரம் பாடி, எடுப்புக்கு வந்து சேரும் நம் பாடகரும் இதனைத்தானே செய்கிறார்? நமக்கு ராகம் எல்லை. அவர்களுக்கு அச்சுரக்கூட்டு எல்லை. எல்லைக்குள் அந்தக் கணத்தில் பிறப்பதற்கு நாம் மனோதர்மம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்த ஒற்றுமையைக் கண்டவுடன் "ஆகா, எல்லாம் நம்மிடமிருந்து போனவை" என்று எழுந்து நிற்பதுதான் அடுத்த பிழை. 2009-இல் வெளிவந்த 'ஹிஸ்டாரிசிட்டி' என்னும் தொகுப்பில் 'மிஸ்டிக் ப்ரூ' என்ற உருப்படி உண்டு. மூன்று, ஐந்து, எட்டு என்று முன்னிரண்டின் கூட்டுத்தொகையாக வளரும் எண்வரிசையை அதன் லயத்தில் அமைத்திருக்கிறார். கண்டமும் மிச்ரமும் அறிந்த நமக்கு அது இனிக்கிறது. ஆயினும் அந்த மெட்டு, ரோனி ஃபாஸ்டர் என்னும் அமெரிக்க ஆர்கன் கலைஞருடையது. அந்தப் பியானோவின் மொழி எலிங்டன், தெலோனியஸ் மங்க், ஆண்ட்ரூ ஹில் ஆகியோர் வழி வந்தது. கர்நாடக இசையைக் கிதாரில் வாசிக்கும் பிரசன்னாவுடனும் தபலாக் கலைஞர் நிதின் மித்தாவுடனும் 2011-இல் 'தீர்த்தா' என்னும் தொகுப்பை அவர் வெளியிட்டது உண்மையே. நம் இசைக்கு அவர் செவி திறந்தே இருக்கிறது. அதற்காக அவருக்குக் கற்பித்தவர்களின் பெயரை அழித்துவிட்டு அவ்விடத்தில் நம் பெயரை எழுதிக்கொள்வது நேர்மையன்று.

கற்பித்தவர் யாவர்? இளமையில் தம் குழுவில் சேர்த்துக்கொண்ட சாக்சபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன். பின் ஜார்ஜ் லூயிஸ், ராஸ்கோ மிட்செல், எக்காளக் கலைஞர் வாடாடா லியோ ஸ்மித். இவர்களுள் பின்னைய மூவரும் ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆம், சங்கமேதான். 1965-இல் சிகாகோ நகரின் தென்பகுதியில் முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் முதலிய கறுப்பின இசைஞர்கள் கூடி, படைப்பிசைஞர் முன்னேற்றத்துக்கென ஒரு சங்கம் கண்டனர். நம்மைப் போலவே கைப்பொருள் குறைந்த சங்கம். பெருநகரில் தமக்கென ஓர் இடம் தேடியவர்களின் சங்கம். அவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட கட்டளை என்ன தெரியுமா? மேடையேறும் உறுப்பினர் தாமே படைத்த இசையை வாசிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்குள்ளேயே அக்கம்பக்கத்துச் சிறுவர்க்கு இலவச இசைப் பள்ளியும் தொடங்கினர். மூத்தவர் இளையவரைத் தம் பக்கத்தில் அமர்த்தி, "நீ என்ன சொல்கிறாய், வாசித்துக் காட்டு" என்று கேட்கும் மரபு அங்கே வளர்ந்தது. பிற்காலத்தில் வேற்று நிறத்து இளைஞர் ஒருவர் வந்தபோதும் அவர்கள் கதவடைக்கவில்லை. 2016-இல் ஸ்மித்தும் ஐயரும், பரோடாவில் வாழ்ந்து கற்பித்த நம் நாட்டு ஓவியர் நஸ்ரீன் முகமதியின் கலையை உள்ளத்தில் கொண்டு இருவர் மட்டும் வாசித்த தொகுப்பு வந்தது. முப்பது வயது இளையவர் என்ற வேறுபாடு அதில் செவிக்குப் புலனாவதில்லை.

இனி நம் வகுப்புகளைப் பார்ப்போம். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை. இந்த வரிசையில் குறையில்லை. அடித்தளமின்றிக் கட்டடம் எழாது என்போரோடு நமக்குச் சண்டையுமில்லை. ஆனால் அடித்தளத்தையே பத்தாண்டுகள் பூசிக்கொண்டிருந்தால் குடியேறுவது என்று? நாம் அறிந்த ஒரு வகுப்பில், மோகன வர்ணத்தின் சரணத்துச் சுரங்களைப் பாடி முடித்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, நிறுத்த மனமின்றித் தானாக இரண்டு ஆவர்த்தனம் சுரம் பாடினாள். தாளமும் தப்பவில்லை. "நோட்டில் இருப்பதை மட்டும் பாடு" என்ற ஒரு சொல்லில் அது முடிந்தது. பின்னர்ப் போட்டியில் மதிப்பெண் பெற்றது யாரெனில், ஒலிப்பதிவைச் சங்கதிக்குச் சங்கதி அப்படியே ஒப்பித்த வேறொரு குழந்தை. ராக ஆலாபனையையும் நிரவலையும் உலகுக்கு அளித்த மரபின் பெயரால் இது நடக்கிறது என்பதே நம் வயிற்றெரிச்சல். அந்தப் பதிவில் பாடிய வித்துவான் தாம் ஒப்பிக்கவில்லையே!

"பாட்டு பக்கவாட்டில் இருக்கட்டும், முதலில் பொறியியல்" என்று வாதிடும் நண்பர்கள், "அவரும் கணிதம் படித்துவிட்டுத்தானே போனார்" என்று விஜய் ஐயரையே சாட்சிக்கு அழைப்பார்கள். படித்தார், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படிப்பைப் பிழைப்புக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு ஒன்று என்று அவர் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை. மூச்சும் நடையும் விரலசைவும் லயத்தின் பிறப்பிடம் என்று ஆய்வேடு எழுதியவர், அதையே பியானோவில் வாசித்தும் காட்டினார். கையால் தட்டி, விரல் எண்ணி, வீசித் தாளம் போடக் கற்ற எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் அந்த ஆய்வின் சாரம் உள்ளங்கையிலேயே இருக்கிறது. நாமோ அதனைத் தாளம் தவறினால் முறைப்பதற்கான கருவியாக்கி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2001-இல் ஈரானியத் திரைப்பட இயக்குநர் ஜாஃபர் பனாஹி நியூயார்க் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்ட நிகழ்ச்சியைத் தொட்டு, கவிஞர் மைக் லாட் என்பவரோடு சேர்ந்து 2003-இல் விஜய் ஐயர் வெளியிட்ட தொகுப்பு 'இன் வாட் லாங்குவேஜ்'. விமான நிலையங்களில் ஐயத்தோடு பார்க்கப்படும் பழுப்பு நிற முகங்களைப் பற்றியது அது. வேற்றூரில் மொழி தெரியாமல் நின்ற முதல் நாளை மறவாத நம் சங்கத்து மூத்தோர்க்கு இதைவிட நெருக்கமான பொருள் எது? அதனை எந்த ஆண்டு விழாவிலும் நாம் போட்டுக் கேட்டதில்லை. பரிசுத் தொகையை மட்டும் ஒலிபெருக்கியில் சொன்னோம்.

ஹார்வர்டில் படைப்பையும் ஆய்வையும் ஒருங்கே கொள்ளும் முனைவர் படிப்பை உருவாக்கியவர் அவர். 2013 முதல் பல ஆண்டுகள் கனடாவின் பான்ஃப் நகரில் இளம் இசைஞர்க்கான பயிலரங்கையும் நடத்தினார். சிகாகோச் சங்கத்து மூத்தோர் தம்மிடம் கேட்ட கேள்வியை அவர் இன்று அடுத்தவரிடம் கேட்கிறார். அக்கேள்வியை நம் குழந்தைகளிடம் கேட்க ஹார்வர்டு வேண்டியதில்லை. சங்கக் கட்டடத்தின் மாடியறை போதும்.

ஆகவே, வருகின்ற நவராத்திரிப் போட்டிகளுக்கு விதிமுறை எழுத அமரும் செயற்குழுவினர் முன் நம் கோரிக்கை இது: கீர்த்தனைப் போட்டி வழக்கம்போல் நடக்கட்டும். அதனோடு மனோதர்மத்துக்கென ஒரு பிரிவைச் சேருங்கள். ராகத்தை நடுவர் அவ்விடத்திலேயே சொல்ல வேண்டும். நோட்டுப் புத்தகம் கூடாது. ஐந்து நிமிடம். குரலோ வயலினோ கீபோர்டோ கிதாரோ, எதுவும் ஏற்கத்தக்கது. இடையில் தடுமாறி நின்று மீண்டும் தொடங்கும் குழந்தைக்கு மதிப்பெண் குறைக்கலாகாது. பாடி முடித்ததும் நடுவருள் ஒருவர் அதே ராகத்தில் அக்குழந்தைக்குப் பதில் பாட வேண்டும். அதற்கு உடன்படாதவரை நடுவராக அழைக்க வேண்டாம்.