கவர்னர் வீட்டுப் பியானோ என்னும் கட்டுக்கதை

நம் மலையில் யாராவது பழைய பியானோவை விற்க நினைத்தால் போதும், அதற்கு ஒரு கவர்னர் முளைத்துவிடுவார். "நூற்றைம்பது வருஷத்துப் பழசு சார், கவர்னர் பங்களாவில் இருந்தது" என்பார் தரகர். காந்தலில் மட்டும் நான் கேட்ட கதைகளைக் கூட்டினால், அந்தக் கவர்னர்கள் ராஜ்ய வேலையை விட்டுவிட்டுப் பியானோதான் வாங்கியிருக்க வேண்டும்.

சமீபத்தில் இப்படிச் சொல்லி விலை பேசப்பட்டது ஒரு குட்டிப் பியானோ. மூடியில் 'மினிபியானோ' என்ற பெயர். ஈவ்ஸ்டாஃப் நிறுவனம் அந்தப் பெயரில் இங்கிலாந்தில் விற்கத் தொடங்கியதே 1934-ல்தான். ஆரம்பகால 'பியானெட்' மாடலில் சுருதி சேர்க்கும் ஆணிகள் வழக்கம்போல் மேலே இருக்காது. கட்டைகளுக்குக் கீழே, முன்பக்கம் இருக்கும். குனிந்து பார்த்தால் தெரிகிற விஷயம். நூற்றைம்பது வருஷம் எங்கிருந்து வந்தது?

மற்றப் பியானோக்களுக்கும் வழி உண்டு. மேல்மூடியைத் திறந்து வரிசை எண்ணைத் தேடுங்கள். தயாரித்தவர் பெயரும் அந்த எண்ணும் கிடைத்தால், வருஷத்தைச் சொல்லும் பட்டியல் புத்தகங்கள் இருக்கின்றன. இரும்புச் சட்டத்தில் வார்த்த எண்ணெல்லாம் வரிசை எண் அல்ல. பொறித்திருக்கும் தங்கப் பதக்கத்தின் வருஷம் கம்பெனி பரிசு வாங்கிய வருஷம். பியானோ பிறந்த வருஷம் அல்ல. முன்னால் உள்ள பெயர் விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். மெட்ராஸில் 1842-ல் மிஸ்கித் கம்பெனியாகத் தொடங்கி, பின்னர் மியூசி மியூசிகல் ஆனது போன்ற கடைகள் நம் நாட்டிலும் இருந்தன அல்லவா?

"அசல் தந்தக் கட்டை" என்று பெருமையடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தந்தமென்றால் பெரும்பாலும் ஒவ்வொரு வெள்ளைக் கட்டையின் மேலும் இரண்டு துண்டு சேர்ந்த மெல்லிய கோடு தெரியும். தந்த வியாபாரத்தை நம் வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

"கதைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். நஷ்டம் இரண்டு பக்கமும் இருக்கிறது. வாங்குகிறவர் கதைக்குப் பணம் கொடுக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வீட்டைக் காலி செய்யும் நம் வயதுக்காரர்களோ, நல்ல தயாரிப்பை அடையாளம் தெரியாமல் விறகு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாலிஷ் போடுகிறேன் என்று மூடியிலுள்ள பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டால், அப்புறம் எந்த நிபுணர் வந்தாலும் பாதி சாட்சி போனதுதான்.

உண்மைக் கதை ஒன்றும் மட்டமில்லை. கவர்னர் தொடாத பியானோவில் ஒரு டீச்சரம்மா முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், அதுதான் சரித்திரம். ஆகவே விற்பதற்கு முன் எண்ணையும் பெயரையும் படம் எடுங்கள். யாரிடமிருந்து எப்போது வந்தது, யார் வாசித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். தரகர் கதை சொல்ல வரும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள்.